சிரிப்பும் மெட்டல் இசையும் மாவோரி அடையாளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்து இயக்குநர் தைகா வைட்டீட்டியின் ‘பாய்’ திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்; பிறகு மனம் சங்கடப்பட்டது. நிலத்தையும் மொழியையும் இழந்த, அந்நாட்டுத் தொல்குடிகளான மாவோரிகளின் வாழ்வை நகைச்சுவையாக்கலாமா? படத்தின் சிறுவன் மைக்கேல் ஜாக்சன் மீது பித்தாக இருக்கிறான். இன்றைய மாவோரி இளைஞர் சிலர் ஹெவி மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையை இசைக்கிறார்கள். அயல் இசையில் இப்படி மூழ்கினால் தொல்குடி அடையாளம் கரைந்துவிடாதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

தொல்குடி மனிதர் என்றால் துயரத்தோடும் பழமையோடும் மட்டுமே நம் முன் வந்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உங்கள் இரு கேள்விகளிலும் இருக்கிறது. பரிவிலிருந்து பிறந்த எதிர்பார்ப்புதான். ஆனாலும் அது அவர்களுக்குச் சுமை என்றே கருதுகிறேன்.

2010இல் வெளிவந்த அப்படத்தின் கதை 1984இல், வைஹாவ் பே என்னும் கடலோரச் சிற்றூரில் நிகழ்கிறது. தாயை இழந்த பதினொரு வயதுச் சிறுவன், சிறையிலிருக்கும் தந்தையை மாவீரனாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறான். திரும்பி வரும் தந்தையோ, புதைத்த பணத்தைத் தேடிப் புல்வெளி முழுவதும் குழி தோண்டுகிறார். மகன் வளர்த்த பிம்பத்துக்கும் எதிரே நிற்கும் மனிதருக்கும் உள்ள தூரமே நம்மைச் சிரிக்க வைக்கிறது. அவர்கள் மாவோரிகள் என்பது அங்கே எங்கும் கேலிக்குள்ளாவதில்லை. அந்தத் தந்தையாக நடித்திருப்பவர் அவ்வூர் மண்ணில் வளர்ந்த வைட்டீட்டியேதான்.

படத்தின் இறுதி ஆட்டத்தை நினைவுகூருங்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ அசைவுகளும் மாவோரிகளின் ஆவேசக் குழு ஆட்டமான ஹாக்காவும் கலந்த அந்த ஆட்டத்துக்கு ஒலிப்பது ‘போய் ஈ’ என்னும் மாவோரிப் பாடல். இறைச்சி ஆலை 1982இல் மூடப்பட்டு வேலையிழந்து நின்ற பாட்டீயா என்ற சிற்றூரின் கலைக்குழு பாடியது அது. ஙோய் பேஃபைராங்கி வரிகளை எழுத, டால்வேனியஸ் பிரைம் இசையமைத்தார். இசை நிறுவனங்கள் கைவிரித்ததால் அவரே வெளியிட்டார். 1984இல் அது நியூசிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பாப் இசையின் தாளத்தில் ஏற்றித் தம் இளைஞர்களிடம் மொழியைக் கொண்டுசேர்க்க முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் அவசரம் புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1867ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பியது, தாய்மொழியில் பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய தலைமுறைகள் உண்டு. மழலையருக்கான ‘கோஹங்கா ரேயோ’ மொழிக்கூடங்கள் 1982இல்தான் தொடங்கின. 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழியாயிற்று.

மெட்டலுக்கு வருகிறேன். நியூசிலாந்தின் நார்த்லேண்டைச் சேர்ந்த ஏலியன் வெப்பன்ரி என்ற மெட்டல் குழுவின் டி யோங் சகோதரர்கள் சிறுவயதில் மாவோரி வழிப் பள்ளியில் பயின்றவர்கள். 2018இல் வந்த அவர்களது முதல் தொகுப்பான ‘டூ’, மாவோரிச் சபையில் நிகழ்த்தப்படும் முறையான உரையின் பெயரைக் கொண்ட பகுதியுடன் தொடங்குகிறது. அதிலுள்ள ‘ரௌபட்டு’ என்ற பாடல், 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு நடந்த நிலப்பறிப்பைப் பற்றியது. மாவோரிச் சொல்லில் ஒவ்வோர் அசையும் உயிரொலியில் முடிகிறது. ஆகவே தொண்டை கிழியக் கத்தினாலும் சொல் சிதைவதில்லை, நீண்டு ஒலிக்கிறது. மெட்டலின் முரட்டுத் தாளத்தில் அம்மொழி இத்தனை இயல்பாக அமர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் செவியனுபவம்.

உங்கள் அச்சம் பொருந்தும் இடமும் உண்டு. மாவோரிகளோடு எந்த உறவும் இல்லாதவர்கள் அவர்களது முகப்பச்சையையும் ஹாக்காவையும் மேடை அலங்காரமாக எடுத்துக்கொள்ளும்போது எனக்கும் கோபம் வருகிறது. இந்தச் சகோதரர்களின் நிலை வேறு. ‘ரூ ஆனா டே ஃபெனுவா’, அதாவது நிலம் அதிர்கிறது, என்ற பாடலைக் கேளுங்கள். 1864 ஏப்ரல் 29 அன்று கேட் பா என்னும் மாவோரிக் கோட்டையில் ஏறத்தாழ 1,700 பிரிட்டிஷ் படையினரைச் சில நூறு மாவோரிகள் எதிர்த்து நின்ற போரை அது பாடுகிறது. அந்தப் போரில் உயிர்நீத்த டே அஹோஅஹோ இந்தச் சகோதரர்களின் மூதாதை.