வச்சிட்டு எங்க போறீங்க?

கேள்வி: சிங்கப்பூர்ல இருக்க அண்ணன் மக, எங்க ஆத்தாவ 'ஹியூமேன்லி' நடத்துங்கன்னு ஃபேமிலி குரூப்புல இங்கிலீஷ்ல போட்டுட்டா. அது ஆடுமாட்டுக்குச் சொல்ற வார்த்தைதானே? வேளாவேளைக்கு தட்டுல போட்டு, வீட்டு உள்பக்கம் இருக்க ரெண்டாங்கட்டுல வச்சிட்டுத்தான் வர்றோம், ஒரு குறையும் இல்ல. அவ எழுதுனது தப்புதானே?
– தேவகோட்டை வாசகர்

பதில்: தம்பி, மொதல்ல வார்த்தைய முடிச்சிடுறேன். 'ஹியூமன்', 'ஹியூமேன்' ரெண்டும் ஒருகாலத்துல ஒரே சொல்லுதான், 1700கள்லதான் அர்த்தம் பிரிஞ்சுது. இப்ப 'ஹியூமன்லி'ன்னா மனுஷனால முடிஞ்ச அளவுக்கு, 'ஹியூமேன்லி'ன்னா இரக்கத்தோட, நோகடிக்காம. ஆடுமாட்டுக்கு மட்டும் இல்ல, 1949 ஜெனீவா ஒப்பந்தத்துல போர்க்கைதிங்கள எப்பவும் இப்படித்தான் நடத்தணும்னு இந்த வார்த்தையவே போட்டிருக்காங்க. ஆட்டுக்கும் கைதிக்கும் என்ன பொதுன்னு யோசிங்க, ரெண்டும் அடுத்தவன் கைய எதிர்பார்த்து கெடக்குற உசுரு, எந்திரிச்சுப் போகவும் முடியாது எதுத்துக் கேக்கவும் முடியாது. உங்க ஆத்தாவும் இப்ப அப்படித்தான இருக்காங்க. அந்தப் புள்ள சரியாத்தான் எழுதியிருக்கா.

'வச்சிட்டுத்தான் வர்றோம்'னு எழுதுனீங்க பாருங்க, நான் அதத் தாண்டிப் படிக்கவே இல்ல. வச்சிட்டு எங்க போறீங்க, டிவி முன்னாடியா? போட்டது ஆறிப்போச்சா, இந்த வயசுல மெல்ல முடியுதா, இன்னொரு கரண்டி கொழம்பு வேணும்னா அவங்க யாரக் கூப்புடுறது, அவ்வளவு நீள வீட்டத் தாண்டி அந்தக் கொரல் முகப்பு வரைக்கும் வருமா? கல்யாணமான புள்ளைய வேறு வைக்கிற ஊரு நம்மூரு, ஒரே வீட்டுக்குள்ள அடுப்பு தனித்தனியா எரியும், எனக்கும் தெரியும், அதுக்காக பெத்தவ ஒத்தையில உக்காந்து திங்கணும்னு யாரு சொன்னா? விருந்துக்கு வந்தவங்களுக்கு எலை நெறைய வச்சு, பக்கத்துலயே நின்னு கேட்டுக்கேட்டுப் போடுறோம், ஒருத்தர் மொகம் சுருங்குனாலும் பதறுறோம். பெத்தவளுக்கு அது கெடையாதா? எனக்குக் கோவமா வருது தம்பி. குறை இல்லன்னு நீங்க சொல்லக்கூடாது, ஆத்தா சொல்லணும், அவங்ககிட்ட கேட்டீங்களா?

குரூப்புல சண்டைக்குப் போகாதீங்க. இன்னிக்கு ராத்திரி ரெண்டாங்கட்டுலயே ரெண்டு எலை போடுங்க, ஆத்தாவுக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணு. இட்லிய கொழம்புல ஊறவச்சு நீங்களே பிசைஞ்சு குடுங்க, அவங்க கைகழுவ தண்ணி ஊத்துற வரைக்கும் எந்திரிக்காதீங்க. இப்படி ஒரு வாரம் போகட்டும், அப்புறமா சிங்கப்பூருக்கு ஃபோன் போட்டு ஆத்தா கையில குடுங்க, பேத்திகிட்ட அவங்க பேசட்டும்.