மாண்டரின் மீனின் வயிறும் ஒரு வாளி கோபிபாடும்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்டதும் நான் சொன்ன பதிலும்.

மாண்டரின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வாராவாரம் ஒரு பாட்டில் கோபிபாட் (இரைக்காக விடும், புள்ளியளவே உள்ள நீர்வாழ் உயிர்) ஊற்றுகிறேன். ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது. தொட்டி 80 லிட்டர்.

மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் ஒடுங்கி, வயிறு உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் பட்டினிதான். இது வேளைக்குச் சாப்பிடும் மீன் இல்லை. விளக்கு எரியும் நேரமெல்லாம் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துப் பவளத்திட்டுகளில் வளர்ந்ததற்கு அங்கே பாறைதான் சோற்றுப்பானை. நீங்கள் ஊற்றும் பாட்டில் இரண்டு நாள் பலகாரம். 80 லிட்டரில் கோபிபாட் பெருகுவதைவிட இது தின்பது வேகம். அந்தத் தொட்டியிலேயே வைத்திருப்பதென்றால் வெளியே ஒரு வாளியில் வளர்த்தே ஆகவேண்டும். கூடவே சிக்ஸ் லைன் ராஸ் மீன் இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள். அதுவும் அதே இரையைத்தான் தேடும். கோபிபாட் விடும்போது விளக்கை அணைத்து, பம்பை அரைமணி நேரம் நிறுத்தி, பாறை இடுக்கில் விடுங்கள்.

வாளியில் எப்படி வளர்ப்பது? இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் செத்துப்போனது.

வாளி ஒன்றா இரண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றுதான் என்றால் பாதிக் காரணம் அதுதான். எப்போதும் இரண்டு வையுங்கள், பத்து லிட்டர் போதும். ஒன்று சரிந்தால் மற்றதிலிருந்து விதை எடுக்கலாம்.

தொட்டியின் உப்புத்தன்மையிலேயே புதிதாகக் கலக்கிய உப்புநீர். காற்றைப் பொடிக்குமிழியாக்கும் ஏர் ஸ்டோன் வேண்டாம், வெறும் குழாய். நொடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழி வந்தால் சரி. நன்னோகுளோராப்சிஸ் அல்லது டெட்ராசெல்மிஸ் பாசி ஊற்றி, தண்ணீரை இளம்பச்சை ஆக்குங்கள். வெளுத்த பிறகு மறுபடி ஊற்றுங்கள். இந்த "வெளுத்த பிறகு" என்பதில்தான் எல்லாரும் தோற்கிறோம். பாசி தீர்ந்த ஒரு நாள் நான் ஈஸ்ட்டைக் கரைத்து, கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். வெள்ளைப் புள்ளிகளெல்லாம் அடியில் தூசி மாதிரி கிடந்தன.

டிஸ்பே, டிக்ரியோபஸ் என்ற இரண்டு கோபிபாட் வகைகளில் எது என்றால், தொட்டிக்குள் நிலைக்க டிஸ்பேதான். அது பாறையிடுக்கில் ஒளிந்து பெருகும். டிக்ரியோபஸ் உருவத்தில் பெரிது, தண்ணீரில் நீந்தும், மீன் கண்ணில் உடனே படும். கரையோரப் பாறைக்குட்டைகளில் வாழ்ந்து பழகியதால் உப்பும் வெப்பமும் ஏறி இறங்கினாலும் தாங்கும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். எதுவானாலும் வாளியை மொட்டைமாடியில் வைக்காதீர்கள். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு, முதல் மாதம் கைவைக்காமல் இருங்கள். அப்புறம் வாரம் கால் பங்கு தண்ணீரைச் சல்லடையில் வடித்து எடுக்கலாம். எடுத்த அளவு புது உப்புநீர்.

பாசி பாட்டில் நான்கே நாளில் தெளிந்துவிட்டது. வெயில் போதவில்லையா?

வெயில் இல்லை, உள்ளே யாரோ சாப்பிடுகிறார்கள். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு லென்ஸில் பாருங்கள், துள்ளும் புள்ளிகள் தெரியும். ரோட்டிஃபரோ (பாசி தின்னும் நுண்ணிய உயிர்) கோபிபாடோ புகுந்துவிட்டது. கோபிபாட் வாளியில் விட்ட கையைப் பாசியில் விட்டிருப்பீர்கள். முதலில் பாசி வேலை, பிறகுதான் கோபிபாட் வேலை. குழாய், புனல் எல்லாம் தனித்தனி. அந்தப் பாட்டிலைக் கோபிபாடுக்கே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆர்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு கொடுத்தால் ஆவலாகத் தின்கிறது. அதுவே போதாதா?

எப்போது கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முட்டை 28 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சின் ஆரஞ்சு நிறம் அதன் மஞ்சள்கருச் சத்து. நேரம் ஆக ஆக அதைத் தானே செலவழித்துவிடும். மறுநாள் வரை வைத்துக் கொடுப்பது வெறும் சக்கை. காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் தங்கும். ஒரு பக்கம் விளக்குக் காட்டினால் குஞ்சுகள் அங்கே திரளும். அங்கிருந்து உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஆனாலும் இது துணைக்கறிதான்.

கடற்குதிரைக்கும் இதே முறையா? தெரிந்த மீனவர் ஒருவர் தருவதாகச் சொல்கிறார்.

வாங்காதீர்கள். இந்தியாவில் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள உயிர் அது. தீனி பற்றிப் பேச இடமே இல்லை.

உறைந்த உணவுக்குப் பழக்க முடியுமா?

சில மீன் பழகும், சில சாகும்வரை தொடாது. தொட்டிக்குள் தொங்கும் சிறு வலைப்பெட்டியில் மீனைத் தனியே விட்டு, உயிருள்ள ஆர்டீமியாவோடு உறைந்த மைசிஸை (சிறு இறால் போன்ற உயிர்) பொடியாக நறுக்கிக் கலந்து, ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணத்துக்குள் இறங்கிக் கொத்தக் கற்றுக்கொண்டால் உயிருள்ளதன் அளவை நாள்பட நாள்படக் குறைக்கலாம். பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் இந்தப் பாடு பெரும்பாலும் குறையும். பழகிவிட்டது என்று வாளியை மட்டும் கழுவி வைத்துவிடாதீர்கள். என்னுடைய மீன் ஐந்து மாதம் மைசிஸ் தின்றுவிட்டு ஒருநாள் திடீரென்று நிறுத்திக்கொண்டது.