அம்மா நாய் எங்க இருக்கு? – குட்டி வாங்கப் போறவங்க கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி நாய்க்குட்டி வாங்கறதப் பத்தித்தான், ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேர்த்துட்டேன். "டாக்டர் அவசரம்"னு மட்டும் எழுதிட்டு என்ன இனம், எத்தனை வாரக் குட்டி, ஊசி போட்டிருக்கா எதுவும் சொல்லாம விட்டவங்களுக்கு என்னால பதில் எழுத முடியல.

கே: நல்ல ப்ரீடரான்னு (நாய வளத்து, குட்டி எடுத்து விக்கறவர்) சட்டுனு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்க.

ப: அவர் உங்கள எவ்வளவு கேள்வி கேக்கறார்னு பாருங்க. பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க, சின்னப் பசங்க உண்டா, முன்னாடி வளத்த நாய் என்ன ஆச்சு, இப்படி குடைஞ்சு எடுக்கறவர்னா நம்பலாம். பணம் எப்ப போடுவீங்கன்னு மட்டும் கேக்கறவர்னா கெளம்பி வந்துடுங்க.

கே: ஏழெட்டு இனம் வச்சிருக்கார், எப்ப கேட்டாலும் குட்டி ரெடின்னு சொல்றார். அனுபவசாலிதானே?

ப: இல்ல, வியாபாரி. ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு இனத்துல கவனம் வச்சு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஈத்து எடுக்கறவர்கிட்ட காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். காத்திருங்க.

கே: அப்பா அம்மாவுக்கு பேப்பர் இருக்கு, சாம்பியன் பரம்பரை. வேற என்ன பாக்கணும்?

ப: பேப்பர் சொல்றது குட்டி யாருக்குப் பொறந்ததுங்கறத மட்டும்தான், அதுவும் பதிஞ்சவர் உண்மை சொல்லியிருந்தா. ஆரோக்கியத்துக்கு தனி ரிப்போர்ட் வேணும். லேப்ரடார் (லேப்), கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர்னா தாய் தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்து கிரேடு போட்டது. டாபர்மேன், கவாலியர்னா இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். டால்மேஷியன்னா காது கேக்குதான்னு பாக்கற டெஸ்ட், அத குட்டிக்கே எடுத்திருக்கணும். அமெரிக்காவுல இந்த எக்ஸ்ரேக்கு கிரேடு போடற ஓஎஃப்ஏ அமைப்பு 24 மாசம் ஆகாம இடுப்புக்கு ஃபைனல் கிரேடே தராது, அப்புறம் 1 வயசுல குட்டி போட்ட நாய்க்கு என்ன ரிப்போர்ட் இருக்கும்னு நீங்களே யோசிங்க. "எங்க டாக்டர் பாத்துட்டு நல்லாருக்குன்னார்"ங்கறது ரிப்போர்ட் இல்ல. அம்மா நாயப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கே: தகப்பன் நாய் வேற ஒருத்தர்கிட்ட இருக்காம். ஏமாத்தறாங்களா?

ப: அவசியம் இல்ல. நல்ல ப்ரீடர் தன் பொட்டை நாய்க்குப் பொருத்தமான ஆண் நாய் எங்க இருக்குன்னு தேடிப் போவார், வீட்டுலயே கெடக்கற ஒரே ஆண் நாயோட எல்லாத்தையும் சேக்கறவரப் பத்திதான் கவலப்படணும். ரிப்போர்ட் கேட்டு வாங்கிப் பாருங்க, போதும். ஆனா தாய் இல்லன்னு சொன்னா பேச்சே வேண்டாம்.

கே: ப்ரீடர் 32 நாள்லயே எடுத்துட்டுப் போங்க, அப்பத்தான் உங்ககிட்ட ஒட்டும்ங்கறார். எடுக்கலாமா?

ப: எடுக்கக் கூடாது. இத நான் எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி மறுபடி வருது, அதனால இந்த தடவை முழுசாவே எழுதிடறேன்.

8 வாரம், அதாவது 56 நாள், அதுக்கு முன்னாடி குட்டிய தாய்கிட்டேருந்து பிரிக்கவே கூடாது. ரொம்பச் சின்ன இனங்கள்ல 10, 12 வாரம் வரைக்கும் வச்சிருந்து குடுக்கறவங்க உண்டு, அவங்ககிட்ட அவசரப்படுத்தாதீங்க. சுமாரா 3வது வாரத்துலேருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் எது சகஜம் எது பயப்பட வேண்டியதுன்னு குட்டி மனசுல பதியற காலம், அதுல முதல் பாதி தாயோடயும் கூடப் பொறந்ததுங்களோடயும்தான் போகணும். பல்லு வந்ததும் ஒண்ண ஒண்ணு கடிச்சு விளையாடும், கடி பலமா விழுந்தா மத்தது கத்திட்டு விலகிடும், தாய் ஒரு உறுமல் விடும், எவ்வளவு அழுத்தினா வலிக்கும்ங்கற கணக்கு அப்படித்தான் படியுது. 30 நாள்ல தூக்கிட்டு வந்த குட்டிக்கு இத யார் கத்துக்குடுப்பா? ஏழெட்டு மாசம் கழிச்சு "பையன் கைய கிழிச்சுடுச்சு டாக்டர்"னு வருவீங்க, அந்தக் குட்டி மேல தப்பே கிடையாது.

ஒட்டும் ஒட்டாதுங்கற கதை சுத்தப் பொய். 10 வாரத்துல வந்ததும் ஒட்டும், 3 வயசுல வந்த நாயும் ஒட்டும். விக்கறவர் அவசரத்துக்குக் காரணம் வேற, 4 வாரம் தாண்டினாதான் தனிச் சாப்பாடு, நாள் முழுக்க கழுவற வேலை, முதல் ஊசின்னு செலவெல்லாம் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி உங்க தலையில கட்டிட்டா அவருக்கு மிச்சம். அந்த நேரம்தான் தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்பு சக்தி இறங்க ஆரம்பிக்கும், ஊசியும் இன்னும் போட்டிருக்காது, அப்ப பயணம் பண்ண வச்சு இடம் மாத்தினா பார்வோவுக்கு (குட்டிங்க உயிரையே எடுக்கற வைரஸ் நோய்) கதவத் தொறந்து விட்ட மாதிரி.

ஒரு தடவை 45 நாள்னு சொல்லி வித்த லேப் குட்டி ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. வாயத் தொறந்து பாத்தா கோரைப் பல்லே பாதிதான் வந்திருக்கு, முன் பல்லு அப்பத்தான் ஈற விட்டு எட்டிப் பாக்குது, 4 வாரம் தாண்டியிருக்காது. 45 நாள்னா கடைவாய்ப் பக்கம் வரைக்கும் பால் பல்லு தெரியணும். அஞ்சு நாள் ட்ரிப்ஸ் போட்டுப் பாத்தோம், காப்பாத்த முடியல. அந்த வீட்டுப் பொண்ணு தான் ஏதோ தப்பு பண்ணிட்டதா நினைச்சு அழுதுச்சு, அது இன்னும் எனக்கு ஆறல. அதனாலதான் சொல்றேன், பொறந்த தேதிய எழுதி வாங்குங்க, வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே பல்லப் பாருங்க.

கே: டீகப் சைஸ் (டீ கப்புல அடங்கற அளவுக்குக் குட்டியா), அபூர்வக் கலர்னு விளம்பரம் வருது. வாங்கலாமா?

ப: டீகப்னு ஒரு இனமே கிடையாது. நோஞ்சானா பொறந்தத இன்னொரு நோஞ்சானோட சேர்த்து எடுக்கறது அது, ஒரு வேளை சாப்பாடு தவறினாலே சுகர் இறங்கி வலிப்பு வரும், சோஃபாலேருந்து குதிச்சா எலும்பு முறியும். ப்ளூ, அதாவது சாம்பல் நீலக் கலர்ல நெறைய நாய்க்கு வளர வளர முடி கொட்டி தோல் கெடும். மெர்ல், அதாவது திட்டுத் திட்டா இருக்கற கலர் நாய் ரெண்ட ஒண்ணா சேர்த்தா சுமாரா நாலுல ஒரு குட்டிக்கு ரெண்டு பக்கமும் அந்த ஜீன் வந்துடும், அதுங்க செவிடாவோ குருடாவோ பொறக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். கலரப் பாத்து நாய் வாங்காதீங்க.

கே: வீடியோ கால்ல தாயக் காட்டினாங்க, குட்டிய வண்டியில அனுப்பி விடறேங்கறாங்க.

ப: வேண்டாம். வீடியோவுல எந்த நாயவும் காட்டலாம். நேர்ல போங்க, நாய்ங்க தூங்கற இடத்தப் பாருங்க, மூத்திர வாடை மூக்கத் துளைக்குதான்னு பாருங்க, தாயோட மடி பால் குடுத்து தொங்கியிருக்கான்னு பாருங்க. பொது இடத்துல வச்சு கை மாத்தலாம்னு சொன்னாலும் இதே பதில்தான்.

கே: முந்தாநேத்து வாங்கினோம், நேத்துலேருந்து வாந்தி, ரத்தத்தோட பேதி. என்ன மருந்து குடுக்கலாம்?

ப: எனக்கு எழுதின நேரத்துல டாக்டர்கிட்ட போயிருக்கணும்! பார்வோவா இருந்தா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், வீட்டு மருந்து எதுவும் வேண்டாம். அந்த வைரஸ் உடம்புல ஏறி வெளிய தெரிய பெரும்பாலும் 3லேருந்து 7 நாள் ஆகும், அதனால பார்வோன்னு உறுதியானா அங்கேருந்தேதான் வந்திருக்கும், டாக்டர் ரிப்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு ப்ரீடர்கிட்ட பேசுங்க. மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், வீட்ட ப்ளீச் போட்டுக் கழுவுங்க.

கே: ஒரே ஈத்துல ரெண்டு குட்டி எடுத்தா துணையா இருக்குமே?

ப: முதல் தடவை வளக்கறவங்க வேண்டாம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உங்க பேச்சக் கேக்காது. ஒண்ணு வளந்து ஒண்ணரை ரெண்டு வயசு ஆகட்டும்.

கே: எழுதி வாங்கறப்ப முக்கியமா என்ன இருக்கணும்?

ப: பொறந்த தேதி, போட்ட ஊசி, பூச்சி மருந்து விவரம், பரம்பரை நோய் வந்தா அவர் பொறுப்பு என்ன, இதெல்லாம். எல்லாத்துக்கும் மேல, எந்த வயசுலயானாலும் உங்களால வளக்க முடியலன்னா நாய திருப்பி எடுத்துக்கறேன்னு ஒரு வரி. அத கேக்காமலேயே எழுதிக் குடுக்கறவர விட்டுடாதீங்க.

கே: நேர்ல போனப்ப தாய் எங்களப் பாத்து உறுமுச்சு. காவல் நல்லாருக்கும்னு எடுத்துக்கலாமா?

ப: குட்டிங்க எத்தனை வாரம்னு எழுதலியே. முதல் 3, 4 வாரம்னா தாய் உறுமறது இயல்பு, அப்ப வெளியாள உள்ள விட்டது ப்ரீடர் தப்பு. 7, 8 வாரம் ஆகியும், ஓனர் பக்கத்துல இருந்தும், பத்து நிமிஷத்துல அடங்கலன்னா எடுக்காதீங்க, அந்த குணம் குட்டிக்கும் இறங்கும். காவலுக்குத் தேவை தைரியம், இது பயம். இன்னொரு நாள், வேற நேரத்துல போய்ப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க, வாரக் கணக்கோட.