மேஜையைத் தட்டும் அப்பா

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவு ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 78. 1971 போரில் லைன் அறுந்த கதையைத் தினமும் சாப்பிடும்போது சொல்கிறார். போன் வேலை பார்த்ததற்கா இவ்வளவு பெருமை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கதை முடிந்ததும் மேஜையில் விரலை அழுத்தி, ஒரு தட்டுத் தட்டி, மறுபடி அழுத்துகிறார். எப்போதும் அதே மூன்று. நான் எழுந்து போய்விடுவேன். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: பெயர் வேண்டாம் என்றதாவது நல்ல காரியம்.

நீளம், குட்டை, நீளம். மோர்ஸ் என்கிற தந்திக் குறியீட்டில் அது ஆங்கில எழுத்து 'கே'. 'நான் முடித்துவிட்டேன், இனி நீ அனுப்பு' என்று எதிர்முனைக்குச் சொல்லும் குறி. அதைத் தட்டிவிட்டு ஆபரேட்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். உங்கள் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் காத்திருக்கிறார். நீங்கள் கை கழுவப் போய்விடுகிறீர்கள்!

அப்புறம், 'போன் வேலை'. 1911 பிப்ரவரி 15 அன்று பதேகரில் சிக்னல் கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. அதற்கு முன் செய்தி அனுப்பும் வேலையும் சாப்பர்கள் என்கிற ராணுவப் பொறியாளர்கள் தலையில்தான். பீரங்கி எங்கே சுட வேண்டும், எந்த பட்டாலியன் நகர வேண்டும், காயம்பட்டவனை எங்கே தூக்கிப் போக வேண்டும் என்ற உத்தரவெல்லாம் இவர்கள் கை வழியாகத்தான் போகும். குண்டு விழுந்து கம்பி அறுந்தால் மற்றவர்கள் பதுங்குகுழிக்குள் இருப்பார்கள். லைன்மேன் வெளியே போவான். இருட்டில் விளக்குப் போட முடியாது. கம்பியை உள்ளங்கைக்குள் ஓடவிட்டபடியே நடப்பான். அது முடிகிற இடத்தில் மண்டியிட்டு, மறுமுனையை மண்ணில் தடவித் தேடுவான். கிடைத்ததும் மேலுறையைச் சீவி, முறுக்கிக் கட்டி, போனை மாட்டி இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் திரும்பி வருவான். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அவர்களை அடக்க வேண்டிய ஆள் வாஷ்பேசினில் நிற்கிறார்.

முதியோர் இல்லத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வீட்டில் இடமும் வருமானமும் இருக்கும்போது, பேச்சு அலுத்துவிட்டது என்பதற்காகத் தகப்பனை வெளியே அனுப்புகிறவருக்கு நான் வழி சொல்ல மாட்டேன். பழங்காலத்து மனுஷி என்று திட்டிக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி அவர் தட்டியதும் நீங்களும் தட்டுங்கள்: குட்டை, நீளம், குட்டை. 'கிடைத்தது' என்று அர்த்தம். பிறகு அந்த லைன் எந்த ஊரில் அறுந்தது என்று கேளுங்கள். தினமும் கேட்கிற கதை என்கிறீர்கள். கிழக்கு எல்லையா மேற்கு எல்லையா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.