புடவையும் பாதுகாப்புச் சோதனையும்

அன்புள்ள அக்கா,
அமெரிக்காவில் தங்கை வீட்டுக்குப் போன அம்மாவை, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் தனியே நிறுத்தித் தடவிப் பார்த்திருக்கிறார்கள். புடவைதான் காரணமாம். உடையை வைத்து ஆளை எடைபோடலாமா? பாதுகாப்பு முக்கியம்தானே, அடுத்த முறை சுடிதாரில் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.
கோவை வாசகர்

அன்புள்ள தம்பி,

சுடிதார் போடச் சம்மதமா என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லவே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். காலமெல்லாம் கட்டிய உடையை, எவரோ சந்தேகப்பட்டார் என்பதற்காக மகனே மாற்றச் சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்?

என் அம்மா முதன்முதலில் விமானம் ஏறியது சென்னையில். திரைக்குப் பின்னால் பெண் காவலர் கையைத் தூக்கச் சொன்னதும், "எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாராம். "எல்லாருக்கும்தாம்மா" என்று பதில் வந்ததும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அதே அம்மாவை வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், வரிசையில் அத்தனை பேர் இருக்க, இவரை மட்டும் ஓரமாக நிற்க வைத்தார்கள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு இடத்திலும் நடந்தது சோதனைதான், தம்பி. இரண்டாவது இடத்தில் 'எல்லாருக்கும்தான்' என்பது இல்லாமல் போய்விட்டது.

2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் விமான நிலையத்தில் மீரா சங்கருக்கும் இதுதான் நடந்தது. அப்போது அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் அவர், சொல்லியும் விடவில்லை. புடவைதான் காரணம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்.

பாதுகாப்பு என்கிறீர்கள். சரி, 2001 செப்டம்பர் 11 காலையில் போர்ட்லாந்து விமான நிலையக் கேமராவில் பதிவான விமானக் கடத்தல்காரன் முகமது அத்தா சாதாரணச் சட்டையும் பேண்ட்டும்தான் போட்டிருந்தான். 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேரைக் கொன்ற குண்டு ஒரு பெட்டியில் ஏறியது, பெட்டிக்காரன் ஏறவே இல்லை. அங்கே யாருடைய உடையைப் பார்ப்பது? 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு போனவனைப் பற்றி, அவனுடைய அப்பாவே முந்தைய மாதம் நைஜீரியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் எச்சரித்திருந்தார். பெற்ற தகப்பன் வந்து சொன்னதை விட்டுவிட்டார்கள், புடவைக் கொசுவத்தைத் தடவுகிறார்கள்!

புகார் கொடுப்பது உங்கள் விருப்பம். அம்மா அடுத்த முறையும் புடவையிலேயே போகட்டும். பெண் அலுவலர்தான் சோதிக்க வேண்டும், தனியறையில் வேண்டும் என்று கேட்க அங்கே உரிமை இருக்கிறது, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொள்ளலாம். அதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். படிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா