அமெரிக்காவில் நீதிபதியாகத் தேர்வு உண்டா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக வேண்டும் என்கிறாள். ஊரில் சிவில் ஜட்ஜ் தேர்வு இருப்பதுபோல இங்கே என்ன தேர்வு எழுத வேண்டும்?

பதில்: இங்கே அப்படி ஒரு தேர்வே கிடையாது, அம்மா. ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும். வயது, பட்டம், அனுபவம் என்று எந்தத் தகுதியையும் அரசியல் சாசனம் சொல்லவில்லை. நாடு முழுக்க 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், சர்க்யூட் என்பார்கள். நீதிபதி இடங்கள் 179 மட்டுமே. அரசியல் சூழல் அமைவது உங்கள் மகள் கையில் இல்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டு உழைப்பு அவள் கையில்தான் இருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள டி.சி. சர்க்யூட்டின் நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் வந்த வழியைப் பாருங்கள். தந்தை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 1967-இல் சண்டிகரில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் சட்டமும் எம்பிஏவும் முடித்ததும் நான்காம் சர்க்யூட் நீதிபதி வில்கின்சனிடம் லா கிளார்க். பிறகு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம்.

லா கிளார்க் என்றால் நம்மூர் வக்கீல் குமாஸ்தா இல்லை. நீதிபதியின் அறையிலேயே உட்கார்ந்து, இரு தரப்பு மனுக்களையும் படித்து, குறிப்பு எழுதி, தீர்ப்பின் வரைவுக்குக் கைகொடுக்கும் இளம் வழக்கறிஞர். பெரும்பாலும் ஓராண்டு வேலை. ஒரு தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான்காம் சர்க்யூட்டில் ஓர் அழகான வழக்கம் உண்டு: வாதம் முடிந்ததும் வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகளும் இருக்கையை விட்டு இறங்கி வந்து, இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் கை கொடுப்பார்கள்.

அதன்பின் சீனிவாசன் மேல்முறையீட்டு வழக்கறிஞராகவே வளர்ந்தார். உச்ச நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை வாதாடினார். 2012 ஜூனில் ஒபாமா அவரை டி.சி. சர்க்யூட்டுக்கு முன்மொழிந்தார், அந்த ஆண்டு முடிவாகவில்லை. 2013-இல் மறுபடி முன்மொழியப்பட்டு, மே 23 அன்று 97–0 என்று செனட் ஏற்றது. 2020-இல் தலைமை நீதிபதி ஆனார். அதற்குத் தேர்தல் இல்லை. 65 வயதுக்கு உட்பட்டவர்களில் பணிமூப்பு உள்ளவருக்கு, அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு அந்தப் பொறுப்பு போகும்.

பதவி ஆயுள் முழுக்க. சம்பளத்தைக் குறைக்க முடியாது. 2024-இல் அது ஆண்டுக்கு 2,57,900 டாலர். பெரிய நிறுவன வழக்கறிஞர்கள் இதைவிடப் பல மடங்கு வாங்குகிறார்கள். சாட்சி, ஜூரி எதுவும் இல்லாமல் படிப்பதும் எழுதுவதுமே வாழ்க்கை. அது பிடிக்காத பெண்ணை இந்தப் பக்கம் தள்ளாதீர்கள்.

இப்போதைக்கு அவள் நல்ல லா ஸ்கூலில் மூன்றாண்டு ஜேடி படிப்புக்குத் தயாராகட்டும். கிளார்க் வேலைக்கு முதலாண்டு மதிப்பெண்களைத்தான் நீதிபதிகள் முதலில் பார்க்கிறார்கள். எழுத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லும் பேராசிரியர் இருவராவது வேண்டும். டி.சி. சர்க்யூட் வாதங்களின் ஒலிப்பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த விடுமுறையில் ஒன்றைக் கேட்டு, தானே ஒரு தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு நீதிமன்றம் எழுதியதை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.