பெண்கள் மல்யுத்தத் தொடர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? எல்லாம் நாடகம் என்று தெரிந்தும் எப்படி ரசிக்கிறீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், 2017-ல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ நடத்திய மே யங் கிளாசிக்தான். மொத்தம் 32 பெண்கள், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கடைசிவரை நிற்பவருக்குக் கோப்பை. அவ்வளவுதான் கதை. யார் யாருடைய காதலனைப் பறித்தார், யார் முதலாளிக்கு வேண்டப்பட்டவர் என்கிற சீரியல் சமாச்சாரம் எதுவும் கிடையாது. மே யங் என்பவர் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்யுத்த வளையத்தோடு தொடர்பு வைத்திருந்த பழைய காலத்து மல்யுத்த வீராங்கனை, 2014-ல் தன் 90-வது வயதில் இறந்தார், அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அதற்கு இரண்டே வருடம் முன்னால் நிலைமை என்ன தெரியுமா? 2015 பிப்ரவரியில் இவர்களுடைய வாராந்தர நிகழ்ச்சியில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்துப்போய் இணையத்தில் பெரிய சத்தம் போட்டார்கள். எனக்கும் அன்றைக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. அப்படியிருந்த இடத்தில் முழுக்க முழுக்கப் பெண்களுக்கே ஒரு தொடர் என்றபோது ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தேன்.

நான் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. எங்கள் அம்மா பால்மரம் சீவியவர், காண்டா என்கிற தோள்கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கப் பால் சுமந்தவர். ரெஸ்லிங் என்றால் அவருக்குத் தாரா சிங், கிங் காங் பயில்வான்கள் காலத்துக் குஸ்திதான், பெண்கள் ஆடுவதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முதல் சுற்றில் ஹரியானாவிலிருந்து வந்த கவிதா தேவி சல்வார் கமீஸோடு வளையத்தில் ஏறியபோதுதான் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருடி இந்தப் பிள்ள, பஞ்சாபி சூட்டோட குஸ்தி பிடிக்குது?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கவிதா பளுதூக்குபவர், 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். எதிரியாக வந்த டகோட்டா காய் என்பவரைக் கவிதா தலைக்கு மேலே தூக்கியதும், அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். “முட்டி ஆடல பாரு, இடுப்புல வாங்கித் தூக்குது” என்றார். சுமை தூக்கியவருக்குத்தான் அது கண்ணில் படும். கவிதா அந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டார், எனக்கு வருத்தம்தான், ஆனால் டபிள்யூடபிள்யூஇ வளையத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்கிற பெயரை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, நாடகம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள், அது உண்மை. தோட்டத்தில் காமன் கூத்து நடந்தபோது மன்மதன் எரியப்போவது தெரியாமலா சனங்கள் விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள்? தெரிந்த முடிவுக்கு எப்படி வந்து சேருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதோடு, விழுவதும் அடிபடுவதும் நிஜ உடம்பு. டீகன் நாக்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண் 2017 தொடரில் ஆடியிருக்க வேண்டியவர், முழங்கால் தசைநார் கிழிந்து வாய்ப்புப் போனது. குணமாகி 2018-ல் நடந்த இரண்டாவது தொடருக்கு வந்து காலிறுதிவரை போனார், அங்கே ரியா ரிப்லியோடு ஆடும்போது வளையத்துக்கு வெளியே பாய்ந்ததில் மறுபடியும் முழங்கால் போய்விட்டது. எழுந்து ஆடத்தான் பார்த்தார், நடுவர் நிறுத்திவிட்டார். அதில் எந்த இடம் எழுதி வைத்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம். என்னால் அதை இன்னொரு தடவை பார்க்க முடியவில்லை.

2017 இறுதிப் போட்டி செப்டம்பர் 12, லாஸ் வேகாஸில் நேரலை. ஜப்பானின் கைரி சேன், எதிரில் யுஎஃப்சி கூண்டுச் சண்டையிலிருந்து வந்த ஷெய்னா பாஸ்லர். ஷெய்னா சிரிப்பே இல்லாத ஆள், பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினால் விடமாட்டார். கைரி முன்பு பாய்மரப் படகு ஓட்டியவர், கடற்கொள்ளைக்காரி வேஷத்தில் வருவார், பார்த்தால் சின்னப் பெண் மாதிரி இருப்பார். ஆனால் மேல்கயிற்றில் ஏறி நின்று, குதித்து, காற்றில் உடம்பைப் படுக்கவைத்து முழங்கையை எதிரியின் நெஞ்சில் இறக்குவார் பாருங்கள், நானும் எத்தனையோ ஆண்கள் செய்து பார்த்திருக்கிறேன், இவர் அளவுக்கு அழகாக ஒருவரும் செய்ததில்லை. அந்த அடியில்தான் கோப்பையும் வந்தது.

ஆனால் இந்தத் தொடரை நான் விடாமல் நினைப்பது ஜெயித்தவரால் அல்ல, தோற்றவர்களால். அந்த வருடம் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறிய இருவர் பியான்கா பெலேரும் ரியா ரிப்லியும். 2021 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇயின் மிகப் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியா இரண்டு இரவாக நடந்தது, முதல் நாள் பியான்கா பட்டம் வென்றார், மறுநாள் ரியா வென்றார். ஒரு தொடர் நன்றாக அமைந்தால் தோற்றவரையும் நாலு பேர் கண்ணில் நிற்க வைத்துவிடும், வாராவாரம் இரண்டு நிமிடம் கொடுத்தால் அது நடக்காது.

2018 தொடரில் ஆட்டத்தின் தரம் இன்னும் மேலே போனது என்பது என் கருத்து, குறிப்பாக 1995-லிருந்து ஆடிவந்த மெய்கோ சதோமுரா வந்ததால். டோனி ஸ்டார்ம் இறுதியில் இயோ ஷிராயை வென்றார், ஆனால் அந்த ஆட்டத்தை ஒரு பெரிய நிகழ்ச்சியின் நடுவில் பத்தோடு பதினொன்றாக வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் மூன்றாவது தொடர் நடக்கவும் இல்லை. நம் நாட்டிலேயே 2019-ல் ஹிஜாப் அணிந்த நோர் டயானா ஆண்களை வீழ்த்திப் பட்டம் வாங்கினார், உலகமே பேசியது. அப்படிப்பட்டவர்களுக்காகவாவது இதை மறுபடியும் நடத்த வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இறுதிப் போட்டியில் தொடங்காதீர்கள். 2017 இரண்டாம் சுற்றில் பியான்காவும் கைரியும் மோதியதை முதலில் பாருங்கள், பியான்கா தன் நீளமான சடையைச் சுழற்றி கைரியின் வயிற்றில் விளாசுவார், சத்தத்தைக் கேட்ட பிறகு மீதியை நீங்களே தேடிப் பார்த்துவிடுவீர்கள்.